நான்காவது டெஸ்டும் பெண் பார்க்க வந்தவர்களும்

அந்த வருஷம் மார்கழியிலும் தையிலும் நான் பார்த்த கிரிக்கெட்டில் பாதி நிஜம், பாதி தூக்கம். எது எது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நம் அணி கடல் கடந்து எங்கோ தெற்கே நான்கு டெஸ்ட் ஆடப் போயிருந்தது. அங்கே வெயில் ஏறி ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியற்காலை ஐந்து மணி. நான் கூடத்தில் பாயில் சுருண்டு கிடக்கும்போதே பெரியப்பா வந்து டிவியைப் போடுவார். அந்த ஊர் வெயில் எங்கள் வீட்டுச் சுவரில் விழும், மூடிய என் இமைமேலும் விழும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நான் யாருடைய ஊர் வெயிலிலோ படுத்திருப்பேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கரும்பு, அதற்குப் பின்னால் வாய்க்கால், அதற்கும் பின்னால் மலை. எதிரணியில் ஒரு வேகப்பந்துக்காரன் இருந்தான். இடக்கைக்காரன். பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் அவன் எங்கள் வீட்டில் நெட்டையன் ஆகிவிட்டான். பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான் என்றால் நடந்துகொண்டே இருப்பான், டிவியில் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துப்போகிற வரைக்கும். அதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். தூக்கத்தில் அவன் நடை நிற்காது. வாய்க்காலைத் தாண்டி, கோமுகி அணைக் கரையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வெள்ளிமலையில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி நிற்பான். பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொள்வான். பிறகு அங்கிருந்து ஓடிவர ஆரம்பிப்பான். வளைவு வளைவாக இறங்கி, கரும்புத் தோகையை விலக்கிக்கொண்டு, எங்கள் மாட்டுக் கொட்டகையை ஒரே தாண்டாகத் தாண்டி அவன் கையைச் சுழற்றும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் நம் ஆள் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்.

இப்படித்தான் அந்தத் தொடர் முழுக்க நடந்தது. அடி என்றால் அப்படி ஓர் அடி. நம்மவர்களில் ஒருவராவது நின்று ஆடினார் என்று சொல்ல முடியாது. மட்டையைத் தொட்டுப் பின்னால் போவது, தொடாமல் ஸ்டம்பைச் சாய்ப்பது, காலில் பட்டு அம்பயரின் விரலை உயர்த்த வைப்பது என்று மூன்று விதமாகத்தான் பந்துகள் வந்தன. நான்கு நாள், ஐந்து நாள் என்று ஆட வேண்டிய ஆட்டம் மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். மீதி நாளுக்குப் பெரியப்பாவுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. கரும்புக் கொல்லைக்குப் போய் ஆள்களோடு சண்டை போட்டுவிட்டு வருவார்.

பெரியப்பா என்பது அப்பாவின் அண்ணன். பக்கத்து வாசல்தான் அவர் வீடு. ஆனால் விடியற்காலையில் டிவி சத்தம் கேட்டால் பெரியம்மா பாத்திரத்தை உருட்டுவார் என்பதால் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். வரும்போதே தன் வயர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். ராசியான நாற்காலி அது. துண்டு இடது தோளில் இருக்கும், வலது தோளுக்கு மாற்றக் கூடாது. எதிரணியின் நாட்டுப் பெயரைக்கூட அவர் சொல்லமாட்டார், "அவனுங்க" என்பார். அவரைப் பொறுத்தவரை ஆட்டத்தை ஆடுவது அங்கே இருக்கும் பதினொரு பேர் இல்லை. எங்கள் கூடத்தில் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. நம்மாள் ஒருவர் கொஞ்சம் நிலைத்துவிட்டால் கூடத்தில் யாரும் அசையக் கூடாது. பால் கேனோடு உள்ளே வந்த அப்பா ஒருமுறை அதைக் கீழே வைக்க அனுமதி கிடைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

அசையாமல் இருப்பது பழைய சட்டம். இந்தத் தொடரில் யாருமே நிலைக்காததால் சட்டம் மாறியது. விக்கெட் விழும்போது யார் உள்ளே வந்தார்களோ அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. முதலில் பூனை போயிற்று. அடுத்து அப்பா. இட்லித் தட்டோடு வந்த அம்மாவுக்கு அடுக்களை வாசலோடு நிற்க உத்தரவு. கரண்ட் போனால் மட்டும் பெரியப்பா நிம்மதியாக இருப்பார். டிவி அணைந்திருக்கும் நேரத்தில் விக்கெட் விழாது என்பது அவர் கண்டுபிடிப்பு. கரண்ட் வந்ததும் மூன்று பேர் குறைந்திருப்பார்கள். கரண்ட் வந்ததால்தான் போனார்கள் என்பார். மற்ற ஊர்க்காரர்கள் மின்வெட்டுக்கு மின்வாரியத்தைத் திட்டிய காலத்தில், மின்சாரம் வந்ததற்காகத் திட்டிய ஒரே மனிதர் எங்கள் பெரியப்பாவாகத்தான் இருப்பார்.

இத்தனை சீக்கிரமாக விக்கெட் விழுகிற ஆட்டத்தில் யார் எப்போது கூடத்துக்கு வந்தாலும் ஒரு விக்கெட் விழத்தான் செய்யும். இதை வீட்டில் ஒருவராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் எங்களுக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. நம் ஆள் அவுட்டாகிப் போனால் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தான் அந்த நேரத்தில் தும்மியிருக்கக் கூடாது என்பாள்.

இரண்டாவது டெஸ்டில் என் முறை வந்தது. பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன், விக்கெட். போர்வையை மடித்தேன், இன்னொரு விக்கெட். பெரியப்பா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஏ கய்த, நீதானா அது? இன்னா நேரத்துல கண்ண தொறக்கற? ஏந்து உள்ள போ."

எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஓவர் என்றால் என்ன, நோபால் என்றால் என்ன என்று எல்லாம் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்ற கர்வம் இருந்தது. பூனையோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளியதும் அடுக்களையில் போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அப்போதுதான் அத்தை கோலமாவுக் கையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். நேரே கூடத்து வாசலுக்குப் போய் நின்றாள்.

"அவ இல்லண்ணா. நாந்தான் ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு இருந்தேன். ரெண்டு விக்கெட்டும் நான் பாக்கறப்ப போனதுதான்."

பெரியப்பா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். அத்தை சிரித்துக்கொண்டே வெளியே போய்க் கோலத்தைத் தொடர்ந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராசி கெட்டவள் பட்டம் அத்தைக்குத்தான். அதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுக்களையில் வேலை செய்துகொண்டே, "நான் எட்டிப் பாக்கட்டுமாண்ணா?" என்று குரல் கொடுப்பாள். "வாணாம், வாணாம், அங்கயே இரு" என்று கூடத்திலிருந்து பதறிய பதில் வரும்.

அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக இருந்தாள். காலையில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் இறங்கி வருவாள். வரும்போது புடவையில் ஒரு குளிர் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பற்றிச் சொல்லுவாள். மேகம் இறங்கிவிட்ட நாள்களில் வகுப்பிலிருந்து பார்த்தால் வெளியே ஒன்றுமே தெரியாதாம். பிள்ளைகள் காட்டுப் பாதையில் வெகுதூரம் நடந்து வருவார்கள். முதலில் பேச்சுச் சத்தம் வருமாம், அப்புறம் சட்டை, அப்புறம்தான் முகம். எந்தக் குரல் எந்த முகமாக வரப்போகிறது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு அந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த விஷயமாம். இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிப்போகும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பிடிக்கும். என் தூக்கத்தில் நெட்டையனும் அந்த மேகத்துக்குள்ளிருந்து முதலில் சத்தமாகவும் அப்புறம் முகமாகவும் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், மலை ஏறி இறங்குகிற வேலையைத்தான் பிடிக்கவில்லை என்றார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தை பெரியப்பாவிடம் அவளாகவே பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"கல்யாணம் வாணாம்னு சொல்லலண்ணா. வேலைய வுட சொல்லாத ஆளா பாருங்க."

"அப்பிடி மாப்ள எந்தக் கடையில விக்கறானாம்?" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர். அவள் வகுப்பு எடுக்கப் போகிற நாளெல்லாம் பஸ் வளைவில் எங்காவது உருண்டுவிடுமோ என்று பயந்து, சாயங்கால பஸ் வரும் வரைக்கும் ரோட்டோரக் கடையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். "தற்காலிகந்தானே. நாளைக்கு நிறுத்தினா நிறுத்திட்டான்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் குவித்தார். எங்கள் வீட்டில் பெரியப்பா ரசத்துக்குப் போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பதால் எல்லாம் தைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஒரு மாதமும் அத்தை இருட்டோடு எழுந்து வாசலில் பெரிய பெரிய கோலமாகப் போட்டாள். கோலம் ஜன்னலுக்கு நேரே முடிகிற மாதிரி எப்படியோ அமைந்துவிடும். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு டிவியைப் பார்ப்பாள். பெரியப்பாவின் முதுகு ஜன்னலைப் பார்த்திருந்ததால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவளுக்கு நம் மட்டையாட்டக்காரர்கள் யாரையும் தெரியாது. நெட்டையனை மட்டும்தான் பார்ப்பாள். அவன் ஓடிவரும்போது அவள் மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்வது எனக்குக் கேட்கும். விக்கெட் விழுந்தால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். நம் நாடு தோற்கும்போது சிரிக்கிற அத்தையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் பாயில் புரண்டு படுத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து போகும்போது என்னிடம் கேள்வியாகக் கேட்பாள். அவன் ஏன் ஆறு பந்து போட்டதும் நின்றுவிடுகிறான், அடுத்து யார் போடுவார்கள், திரும்பவும் அவன் எப்போது வருவான், கடைசியில் வருகிற ஆள்களுக்கு ஏன் ஆடவே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஓவர் மாறும்போது பந்து அந்தப் பக்கம் போய்விடும், அதற்கு அடுத்த ஓவரில் நெட்டையன் திரும்ப வருவான். கடைசியில் வருகிறவர்கள் எல்லாரும் பந்து போடுகிறவர்கள், அவர்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, நெட்டையன் முன்னால் இரண்டு பந்து தாங்கினாலே பெரிய விஷயம். சுழல் போடுகிறவனிடம் என்றால் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டு நிற்பார்கள். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னால்தான் அத்தைக்கு ஏறும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை சொன்னேன்.

பொங்கல் கழிந்தது. மூன்று டெஸ்டும் தோற்றாகிவிட்டது. நான்காவது நடந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளைக்கு பைபாஸ் ரோட்டில் லாரி உதிரிபாகக் கடை. ஒரே பையன். வேலையை விட்டுவிடுவதாகப் பெண் வீட்டில் ஒத்துக்கொண்டால்தான் வருவோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பெரியப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். அத்தையிடம் அதை அம்மாதான் சொன்னாள். அத்தை அப்போது பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பெரியப்பா அன்றைக்கு மேட்ச் பார்க்கவில்லை. நம்பமாட்டீர்கள், விடியற்காலையில் வந்து டிவிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, வயர் நாற்காலியைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஊரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் எங்கள் கூடத்துக்கு வந்தன. எனக்குப் பட்டுப் பாவாடை.

பத்தரை மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். தலையைக் குனிந்தே இருந்தார். அவருடைய அம்மா வாசற்படியில் கால் வைக்கும்போதே பல்லி சத்தம் எந்தத் திசையில் என்று காதைத் தீட்டிக் கேட்டவர். நல்ல சகுனமாக அமையவேண்டும் என்று அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. தாய்மாமன் வேறு ரகம். வேட்டி மடிப்பைச் சரிசெய்து உட்கார்ந்ததுமே துண்டு போட்ட டிவியைப் பார்த்தார்.

"மேட்ச்சி இன்னா ஆச்சிங்க? வர வழியில நாலு போச்சின்னாங்க. கொஞ்சம் போடுங்களேன்."

வந்தவர்கள் கேட்டால் எப்படி மறுப்பது? பெரியப்பா ஒருமுறை அப்பாவைப் பார்த்தார், ஒருமுறை கூரையைப் பார்த்தார். கரண்ட் போய்விடாதா என்று கடைசியாக ஒரு நம்பிக்கை. போகவில்லை. துண்டை எடுத்தார். நான்கு இல்லை, ஏழு போயிருந்தது. அந்த ஊர் வெயில் எங்கள் கூடத்துக்கு வந்து வெள்ளை வேட்டிகளின்மேல் விழுந்தது.

அடுக்களையில் அம்மா அத்தையின் கையில் காபித் தட்டைக் கொடுத்தாள். பஜ்ஜித் தட்டு என் கையில். அத்தை முன்னால், நான் பின்னால். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன நடை உண்டு. அங்கே ஒரு கண்ணாடி பீரோ நின்றது. கூடத்துக்குள் போகாமலே அந்தக் கண்ணாடியில் டிவியைப் பார்க்கலாம், இடது வலதாகத் தெரியும், அவ்வளவுதான். அத்தை பீரோவுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள்.

"இப்ப போடறது யாரு?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"சுழலு."

"அப்ப அடுத்த ஓவரு?"

"நெட்டையன்."

அத்தை அசையவில்லை. கண்ணாடிக்குள் நம் ஆள் ஒருவர் சுழல்பந்தைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். காபியிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தருகே கலைந்துகொண்டிருந்தது. பூ, பட்டுப்புடவை, நெற்றிக்குங்குமம் எல்லாம் சேர்ந்து அத்தை வேறு யாரோ போலத் தெரிந்தாள். கூடத்தில் பெரியப்பா ஏதோ சொல்லிக் கனைத்தார். பின்னால் அம்மா, "காபி ஆறிப்போவுது, போயேன்" என்று கிசுகிசுத்தாள். அத்தை திரும்பவில்லை. ஆவி மெலிந்து நின்றே போனது.

ஓவர் மாறியது. கண்ணாடியில் நெட்டையன் பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான். வழக்கம்போல நடந்துகொண்டே இருந்தான், சுண்டுவிரல் அளவுக்கு ஆனான், திரும்பினான். அவன் ஓட ஆரம்பித்த அதே நேரத்தில் அத்தை கூடத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். குனிந்த தலை, மெதுவான நடை, யார் பார்த்தாலும் அடக்கமான பெண் என்பார்கள். அவனுக்கு அவ்வளவு தூரம் ஓடிவர வேண்டியிருந்ததால் அத்தைக்கும் கூடத்தின் நடுவுக்குப் போய்ச்சேர நேரம் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் அவள் தட்டை நீட்டவும் ஸ்டம்ப் சாய்ந்து புரளவும் ஒன்றாக நடந்தன.

"சொன்னேன்ல, இவ கால வெச்சா ஒண்ணு போவும்னு."

சொன்னது பெரியப்பா. ஒரு மாதத்துப் பழக்கம், வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகம் வெளிறிப்போய், "சும்மா வெளாட்டுக்குங்க, மேட்ச்ச சொன்னேன்" என்றார். தாய்மாமன் பலமாகச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவைத்தார். அதோடு போயிருக்கும். ஒன்று விழுந்தால் வேடிக்கைதானே.

அத்தை காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடியே நடைக்கு வந்துவிட்டாள். அம்மா தண்ணீர் டம்ளர்களை நீட்டினாள். அத்தை கண்ணாடியைப் பார்த்தாள். புதிதாக வந்த ஆள் ஒரு பந்தைக் குனிந்து தப்பித்தார். நெட்டையன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். அவன் திரும்பினான், அத்தை வாசலைத் தாண்டினாள். தண்ணீர் டம்ளர் மாப்பிள்ளையின் அம்மா கைக்குப் போனபோது அந்தப் புதிய ஆளும் மட்டையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த முறை பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்தது தாய்மாமன். ஒன்பது போய்விட்ட கடுப்பில் அவரையும் அறியாமல், "இன்னாம்மா நீ, கொஞ்ச நேரம் உள்ளயே இரேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஒரு துளி சிந்திவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாக வைத்தார். மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம். கடைசி விக்கெட் எப்போது விழுந்தது என்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. பன்னிரண்டு அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே எழுந்துவிட்டார்கள். போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். கேசரி அப்படியே இருந்தது.

பெரியப்பா அன்று முழுக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துண்டு எந்தத் தோளில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. தன் வாயால் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பெரியப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அத்தை அவர் காலடியில் வந்து உட்கார்ந்து, "வுடுண்ணா, இன்னா இப்ப ஆயிடுச்சி" என்று அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகட்டுமா என்று கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவர் இருந்த நிலையில் நிலவுக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

சாயங்காலம் அத்தை கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தாள். மலைமேல் வெயில் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான்.

"நீ தப்பு பண்ணிட்ட அத்த. சுழலு போடறப்பவே போயிருக்கணும். அப்ப ஒண்ணும் விழுந்திருக்காது. நெட்டையன் வர வரைக்கும் ஏன் நின்னுகினே இருந்த?"

அத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை. பிறகு எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் நின்னத யார்கிட்டயும் சொல்லாத கண்ணு," என்றாள்.

நான் சொல்லவில்லை. இத்தனை நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், எந்த ஓவரில் யார் முன்னால் போகக் கூடாது என்ற சின்ன விஷயம்கூட அத்தைக்கு ஏறவில்லையே என்பது வெளியே தெரிந்தால் அவளுக்கு எவ்வளவு அவமானம்.